நகைச்சுவைத் தொடருக்கு பைலட் எழுதக் கற்றுக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எழுத ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சொந்தமாக ஒரு பைலட் எழுதி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்ப்பு தேடும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. செய்து காட்ட வேண்டிய இடங்களில் நான் எழுதிவரும் ஒரு கதைக்கருவைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

பைலட் என்றால் சரியாக என்ன?

ஒரு தொடரை எடுக்கலாமா வேண்டாமா என்று சேனல் முடிவு செய்வதற்காக எழுதப்படும் மாதிரி எபிசோட். ஸ்கிரிப்ட் பிடித்திருந்தால் படமாக்கிப் பார்ப்பார்கள். அதுவும் பிடித்தால்தான் தொடர். அமெரிக்கச் சேனல்களில் நெடுங்காலம் இதற்கென்று ஒரு பருவமே இருந்தது. இலையுதிர் காலத்தில் ஸ்கிரிப்ட் வாங்குவார்கள், ஜனவரி வாக்கில் சிலவற்றைப் பொறுக்குவார்கள், வசந்தத்தில் படப்பிடிப்பு, மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்கள் முன்னால் அறிவிப்பு. ஸ்ட்ரீமிங் வந்தபின் இந்தக் காலக்கணக்கு மிகவும் தளர்ந்துவிட்டது.

புதியவர்களுக்கு பைலட்டின் உண்மையான பயன் வேறு. அது உங்கள் அடையாள அட்டை. உங்கள் பைலட் ஒருநாளும் படமாகாமல் போகலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு வேறொரு தொடரின் எழுத்தாளர் குழுவில் உங்களைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அங்கே பலர் உள்ளே நுழைந்தது இப்படித்தான்.

ஒரு கதையின் முதல் அத்தியாயத்தை எழுதுவது போலத்தானே இதுவும்?

இல்லை. இந்தக் குழப்பத்தில் நான் ஒன்றரை வருடம் இழந்தேன். என் முதல் பைலட்டில் மூன்று தலைமுறை இருந்தது, ஒரு பழைய பகை இருந்தது, கடைசிப் பக்கத்தில் அந்தப் பகை தீர்ந்து எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாசித்துக் காட்டியபோது கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா, "நல்லா இருக்கு தம்பி. ரெண்டாவது வாரம் என்ன நடக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் பைலட்டின் உயிர். நாவலின் முதல் அத்தியாயம் ஒரு முடிவை நோக்கிப் புறப்படுகிறது. நகைச்சுவை பைலட் ஒரு செக்கைப் பூட்டுகிறது. மாடு ஒவ்வொரு வாரமும் கிளம்பும், கிளம்பிய இடத்துக்கே திரும்பும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் இறங்கும்.

1982 செப்டம்பர் 30 அன்று ஒளிபரப்பான 'சியர்ஸ்' பைலட்டைப் பாருங்கள். எழுதியவர்கள் க்ளென் சார்ல்ஸ், லெஸ் சார்ல்ஸ் சகோதரர்கள். பாஸ்டன் நகரில் ஒரு மதுக்கூடம். கதை முழுவதும் அந்த நான்கு சுவருக்குள் நடக்கிறது. டயான் என்ற படித்த பெண், தான் மணக்கப்போகும் பேராசிரியரோடு அங்கே வருகிறாள். குடும்ப மோதிரத்தை முன்னாள் மனைவியிடமிருந்து வாங்கி வருகிறேன் என்று அவர் போகிறார். போனவர் அவளை விட்டுவிட்டு அந்த மனைவியோடேயே பயணம் போய்விடுகிறார். மதுக்கூடத்தை நடத்தும் சாம் முன்னாள் பேஸ்பால் வீரன், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவன், பெண்கள் விஷயத்தில் நிலையில்லாதவன். எபிசோட் முடிவில் டயான் அங்கேயே பரிமாறும் வேலைக்குச் சேர்கிறாள்.

கதை என்று பார்த்தால் ஒரு பெண் ஏமாற்றப்பட்டாள், அவ்வளவுதான். ஆனால் செக்கு பூட்டியாகிவிட்டது. இந்த இடத்துக்குத் தான் மேலானவள் என்று நினைக்கும் ஒருத்தி, தினமும் இங்கேயே வர வேண்டும். அவளைப் பிடிக்கும் என்று ஒப்புக்கொள்ளாத ஒருவன் அவளுக்கு முதலாளி. யார் கதவைத் திறந்துகொண்டு வந்தாலும் இந்த இருவருக்கும் சண்டை வரும். முதல் சீசனில் பார்வையாளர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தும் தொடர் 11 சீசன் ஓடியது. அந்த வலு பைலட்டிலேயே இருக்கிறது.

எதைப் பற்றி எழுதுவது? எனக்கு அபூர்வமான கரு எதுவும் தோன்றவில்லையே?

அபூர்வமான கரு தேவையில்லை. உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு இடம் தேவை. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரும் நடிகருமான கார்ல் ரெய்னர் 1950களின் கடைசியில் எழுத உட்கார்ந்தபோது எடுத்துக்கொண்டது தன் வாழ்க்கையைத்தான்: நியூ ரோஷலில் வீடு, மனைவி, பிள்ளை, நியூயார்க்கில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதும் வேலை. நடிகையும் எழுத்தாளருமான க்விண்டா ப்ரன்சன் தன் தாய் பிலடெல்பியாவில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர். 2021 டிசம்பரில் தொடங்கிய 'அபாட் எலிமென்டரி' அங்கிருந்து பிறந்தது. தலைப்பில் இருப்பதும் அவருக்குப் பாடம் எடுத்த ஓர் ஆசிரியையின் பெயர். அந்த பைலட்டுக்காக 2022இல் எழுத்துக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருது பெற்றார்.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது. அங்கே இருப்பவர்கள் ஏன் எழுந்து போகாமல் இருக்கிறார்கள் என்பதற்குக் கெட்டியான காரணம் வேண்டும். போக முடிகிறவர்கள் சண்டை போட மாட்டார்கள், போய்விடுவார்கள். குடும்பம், சம்பளம், கடன், உரிமம், பாசம் எதுவாகவும் இருக்கலாம்.

என் கதைக்கருவைச் சொல்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தர் கடை. முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர் அப்பா. உரிமம் அவர் பெயரில். ஐடி வேலை போய் ஊர் திரும்பிய மகள், அடுத்த வேலை கிடைக்கும்வரை கடையில் உட்காருகிறாள். அப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டது. எழுத்து தெரிவதில்லை. வெளியே தெரிந்தால் தொழில் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும். கடையில் இன்னும் இருவர்: இருபது வருடமாக இருக்கும் டைப்பிஸ்ட் அக்கா, ஜெராக்ஸ் போடும் பையன்.

அப்பா மகளை அனுப்ப முடியாது, அவள் கண் அவருக்கு வேண்டும். மகள் போக முடியாது, வீட்டுக்கு வரும் ஒரே வருமானம் அதுதான். அப்புறம், அந்தத் தெருவுக்கு யாரும் சும்மா வருவதில்லை. பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில், கிரயம் என்று ஒவ்வொரு குடும்பமும் தன் சண்டையைத் தானே சுமந்துகொண்டு வருகிறது.

பாத்திரங்களை எப்படி உருவாக்குவது?

இதில் நீங்கள் செலவிடும் நேரம் எதுவும் வீணாகாது. ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள். இவருக்கு என்ன வேண்டும்? தன்னைப் பற்றி இவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்? பார்க்கிறவர்களுக்குத் தெரியும் உண்மை என்ன? இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் சிரிப்பு ஊறுகிறது.

என் அப்பா பாத்திரத்துக்கு வேண்டியது மரியாதை. தன் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லை என்பது அவர் பெருமை. உண்மையில் ஆறு மாதமாக அவர் எதையும் படிக்கவில்லை. மகளுக்கு வேண்டியது இங்கிருந்து வெளியேறுவது. தான் உணர்ச்சிவசப்படாதவள் என்று நினைக்கிறாள். வந்தவர்கள் குடும்பச் சண்டையில் முதலில் தலையிடுவது அவள்தான். டைப்பிஸ்ட் அக்காவுக்கு எல்லாம் தெரியும், எதையும் சொல்ல மாட்டார். ஜெராக்ஸ் பையனுக்கு எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

பாத்திரங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் பாருங்கள். நான்கு பேர் என்றால் ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு டீ குடிக்கும் நேரம் தனியாக இருந்தால் என்ன பேசுவார்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ஏதாவது ஒரு ஜோடிக்குப் பேச்சே வரவில்லை என்றால் அந்த இருவரில் ஒருவர் இன்னும் உருவாகவில்லை என்று பொருள்.

இன்னொன்று. நகைச்சுவைப் பாத்திரம் மாறாது. கொஞ்சம் திருந்தும், அடுத்த வாரம் மறந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் திருந்தும் அளவுக்குத் திருந்தினால் போதும்.

முதல் எபிசோடிலேயே எல்லோரையும் அறிமுகம் செய்து, பின்கதை எல்லாம் சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, யாரோ புதிதாக வந்து இந்த உலகம் தொடங்கும் நாளைக் காட்டுவது. 'சியர்ஸ்' அப்படி. 1994இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரும் அப்படித்தான், மணப்பெண் உடையோடு ஒருத்தி காபிக் கடைக்குள் ஓடி வருவாள். இன்னொன்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உலகத்தில் ஏதோ ஒரு சாதாரண நாளைக் காட்டுவது. 'அபாட் எலிமென்டரி' இரண்டையும் சேர்த்துக்கொண்டது. பள்ளி தன் போக்கில் நடந்துகொண்டிருக்கிறது, மாற்று ஆசிரியராக ஒருவர் புதிதாக வருகிறார், அவர் கண் வழியாக நாமும் பார்க்கிறோம்.

அந்த பைலட்டின் கதை எவ்வளவு சிறியது பாருங்கள். இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஜனீனுக்கு வகுப்பறையில் விரிக்க ஒரு புதுக் கம்பளம் வேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கு வந்த பணத்தைத் தலைமை ஆசிரியை ஏவா தன் படம் போட்ட பெயர்ப்பலகைக்குச் செலவழித்துவிடுகிறார். கடைசியில் மெலிசா என்ற ஆசிரியை தனக்குத் தெரிந்தவர்கள் மூலமாகக் கம்பளங்களை வரவழைக்கிறார். ஒரு கம்பளத்தை வைத்துக்கொண்டு பணமில்லாத பள்ளி, நம்பிக்கை விடாத இளம் ஆசிரியை, பொறுப்பற்ற தலைமை, காரியம் முடிக்கத் தெரிந்த மூத்தவர்கள் எல்லாரையும் காட்டியாகிவிட்டது. ஒருவரும் தன் பின்கதையை நின்று சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பைலட் இது. வறுமையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லாமல் அந்தப் பள்ளியின் மீது நம்மை அன்பு கொள்ள வைக்கிறது.

உங்கள் பைலட்டுக்கும் ஒரு 'கம்பளம்' தேடுங்கள். கையால் தொடக்கூடிய பொருளாக இருந்தால் நல்லது.

எனக்கு ஜோக் எழுத வராது. நான் இதில் இறங்கலாமா?

தாராளமாக. தனி ஜோக் எழுதும் திறமையும் நகைச்சுவைத் தொடர் எழுதும் திறமையும் அக்கா தங்கை மாதிரி. முகச்சாயல் ஒன்று, ஆள் வேறு. தொடரில் ஒருவர் வேடிக்கையாகப் பேசுவதால் வரும் சிரிப்பைவிட, அந்த ஆள் அந்த நிலைமையில் வேறு எதுவும் சொல்ல முடியாது என்பதால் வரும் சிரிப்பு நீடிக்கும்.

என் பைலட்டின் தொடக்கக் காட்சி. மகள் கடைக்கு வந்த முதல் நாள். வழக்கமாகப் பத்திரம் எழுத வரும் ஒரு கட்சிக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார்.

அப்பா: முழுசா படிச்சுட்டேன். வில்லங்கம் எதுவும் இல்லை.

கட்சிக்காரர்: ரொம்ப சந்தோஷம் ஐயா. அப்ப குடும்பத்தோட வந்துடணும்.

அப்பா: எங்கே?

கட்சிக்காரர்: கல்யாணத்துக்குத்தான். பத்திரிகையிலதான் மண்டபம் போட்டிருக்கே.

இதில் யாரும் ஜோக் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் ரகசியம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். டைப்பிஸ்ட் அக்கா நிமிரவே இல்லை, அதனால் அவருக்கு முன்பே தெரியும் என்றும் புரிகிறது. முதல் பிரதியில் இதே காட்சியில் மகள், "அப்பா, உங்களுக்குக் கண் தெரியலையா?" என்று கேட்டாள். அந்த ஒரு வரியை எடுத்ததும் காட்சிக்கு உயிர் வந்தது.

சிரிப்பு வராத பக்கத்தில் ஜோக்கைத் திணிக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியதாக இருக்காது, அதுதான் நோய். ஒருவருக்கு ஏதாவது வேண்டும் என்று ஆக்குங்கள், இன்னொருவர் அதைத் தடுக்கட்டும். பிரதி முழுவதும் நின்றபின் வரி வரியாக உட்கார்ந்து சிரிப்பைக் கூர்மையாக்கலாம். அங்கே இதை பஞ்ச்-அப் என்பார்கள். ஒரே இடத்துக்கு ஐந்தாறு மாற்று வரிகள் எழுதி, நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள்.

நீளம் எவ்வளவு? சிங்கிள் கேமரா, மல்டி கேமரா என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்கச் சேனலில் அரை மணி நேரம் என்பது விளம்பரம் போக ஏறத்தாழ 22 நிமிடம். மல்டி கேமரா என்றால் அரங்கில் செட் போட்டு, பார்வையாளர்கள் முன்னால் நாடகம் போல நடித்து, பல கேமராக்களில் ஒரே சமயத்தில் பிடிப்பது. 1951இல் 'ஐ லவ் லூசி' மூன்று ஃபிலிம் கேமராக்களோடு இப்படி எடுக்கப்பட்டு இந்த முறையை நிலைநாட்டியது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். சிங்கிள் கேமரா என்றால் சினிமா போல ஷாட் ஷாட்டாக எடுப்பது. 'அபாட் எலிமென்டரி', 'தி ஆபீஸ்' எல்லாம் இந்த வகை.

எழுதும் விதமும் மாறும். சிங்கிள் கேமரா ஸ்கிரிப்ட் சினிமா ஸ்கிரிப்ட் போலவே இருக்கும், சுமார் 30 முதல் 35 பக்கம். மல்டி கேமராவில் வசனத்துக்கு இரட்டை இடைவெளி விடுவார்கள், செயல் விவரிப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும், அதனால் 45 பக்கத்துக்கு மேல் போகும். எழுத்துரு கூரியர், அளவு 12. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கில சிங்கிள் கேமரா பிரதிக்குத்தான். தமிழில் எழுதினால் அது பொருந்தாது. நம் சொற்கள் நீளம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்து அளந்துகொள்ளுங்கள்.

எந்த வகை என்று எப்படி முடிவு செய்வது? உங்கள் சிரிப்பு பேச்சில் இருக்கிறதா, பார்வையில் இருக்கிறதா என்று பாருங்கள். என் கல்யாணப் பத்திரிகைக் காட்சியில் டைப்பிஸ்ட் அக்காவின் குனிந்த தலை முக்கியம். அதற்கு கேமரா பக்கத்தில் போக வேண்டும். எனவே சிங்கிள்.

எபிசோடின் உள்கட்டு எப்படி இருக்க வேண்டும்?

தலைப்பு வருவதற்கு முன் ஒரு சிறு காட்சி, கோல்ட் ஓபன். பிறகு இரண்டு அல்லது மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் நிலைமை இன்னும் மோசமாகும் இடத்தில் முடிய வேண்டும், விளம்பரம் முடிந்து பார்வையாளர் திரும்பி வர வேண்டுமே. கடைசியில் டேக் என்ற வால்காட்சி. கதை ஏ (முக்கியக் கதை), பி (துணைக் கதை) என்று இரண்டு இழையாகப் போகும், சில சமயம் மூன்றாவதாக ஒரு சின்ன இழை.

கோல்ட் ஓபனுக்கு மீண்டும் 'சியர்ஸ்' பாருங்கள். கடை திறந்ததும் ஒரு சிறுவன் வந்து பீர் கேட்கிறான். வயதுச் சான்றாக ராணுவ அடையாள அட்டையைக் காட்டுகிறான். அதன்படி அவனுக்கு வயது 38. சாம் அவனை அதட்டவில்லை. அப்படியானால் வியட்நாம் போரில் இருந்திருப்பாயே, எப்படி இருந்தது என்று மரியாதையாக விசாரிக்கிறான். பையன் தன் வயதுக்கேற்ற பதிலைச் சொல்லி மாட்டிக்கொள்கிறான். ஒரு நிமிடத்தில் சாம் யார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது: ஏமாறாதவன், ஆனால் யாரையும் அவமானப்படுத்தாதவன். மீதிக் கதைக்கு இதோடு சம்பந்தமே இல்லை.

என் பைலட்டில் ஏ இழை ஒரு பாகப்பிரிவினை. ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, "அவர்கிட்ட சொல்லுங்க" என்று நடுவில் இருக்கும் மகள் மூலமாகப் பேசுகிறார்கள். கிணறு யாருக்கு என்பதில் சிக்கல் வருகிறது. பி இழையில் ஜெராக்ஸ் பையன் இருவரின் ஆதார் நகலையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறான். கடைசிப் பகுதியில் இரண்டும் மோத வேண்டும். பதிவுக்கு வாங்கிய டோக்கன் நேரம் முடியப்போகிறது, தாள்கள் மாறிக் கிடக்கின்றன, அப்பா எல்லோர் முன்னிலையிலும் பத்திரத்தை வாசித்தாக வேண்டும். ஒளிந்திருக்கும் ரகசியத்தை வெளிச்சத்துக்கு இழுக்காத ஏ இழை பைலட்டுக்கு ஆகாது.

நேரடியாக வசனம் எழுதத் தொடங்கலாமா?

தொடங்காதீர்கள். முதலில் ஒரே வரியில் தொடர். பிறகு ஒரு பக்கத்தில் பைலட் கதை. பிறகு காட்சி காட்சியாக அவுட்லைன், ஆறேழு பக்கம். அதன்பின் வசனம். அவுட்லைனில் ஒரு காட்சியைத் தூக்கி எறிய இரண்டு நிமிடம் ஆகும். நல்ல வசனம் எழுதிய பிறகு அதே காட்சியைத் தூக்க மனசு வராது.

அவுட்லைன் எழுதும்போதே இன்னொரு தாளில் பின்வரும் பத்து எபிசோடுகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எனக்கு வந்தவற்றில் சில: நான்காவது முறையாக உயிலை மாற்ற வரும் பாட்டி. வீட்டைவிட்டு ஓடி வந்து பதிவுத் திருமணத்துக்குச் சாட்சி தேடும் ஜோடி, பெண்ணின் அப்பாவே கடையில் கட்சிக்காரராக உட்கார்ந்திருக்கிறார். முகூர்த்த நாளன்று பதிவு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் சர்வர் படுத்துவிட, நல்ல நேரம் முடிவதற்குள் பதிய வேண்டும் என்று தெருவே கொந்தளிக்கிறது. பத்து வரவில்லை, ஐந்தோடு நின்றுவிட்டது என்றால் பைலட்டை எழுதாதீர்கள். கருவுக்குத் திரும்புங்கள்.

ஏற்கெனவே ஓடும் தொடருக்கு ஒரு எபிசோட் எழுதிப் பழகலாமா?

பழகலாம், மிக நல்ல பயிற்சி. அமெரிக்காவில் இதை ஸ்பெக் என்பார்கள். முன்பு வேலை தேடுகிறவர்கள் இதைத்தான் காட்டினார்கள், இப்போது பெரும்பாலும் சொந்த பைலட்டைக் கேட்கிறார்கள். இன்னொருவர் குரலில் எழுதிப் பார்த்தால் குரல் என்றால் என்ன என்று காதுக்குப் பிடிபடும்.

அதைவிட நல்ல பயிற்சி ஒன்று உண்டு. பிடித்த பைலட்டைப் போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தி, யாருக்கு என்ன வேண்டும், என்ன நடந்தது, எத்தனை நிமிடம் என்று கையால் எழுதுங்கள். மூன்று பைலட் இப்படிப் பிரித்தால் போதும், எந்த வகுப்பிலும் கிடைக்காத ஒன்று கைக்கு வந்துவிடும். பிபிசி தன் எழுத்தாளர் பகுதியில் ஒளிபரப்பான பல ஸ்கிரிப்டுகளை இலவசமாகவே படிக்கத் தருகிறது.

ஆனால் சொந்த பைலட்டில் இன்னொருவர் சாயலை ஒட்டவைக்க வேண்டாம். அமெரிக்க 'தி ஆபீஸ்' 2005 மார்ச் 24 அன்று தொடங்கியபோது முதல் எபிசோட் பெரும்பாலும் பிரிட்டிஷ் மூலத்தின் பிரதிதான். அது அந்த நடிகர்கள் மேல் ஒட்டாமல் நிற்பதை இன்று பார்த்தாலும் உணரலாம். தங்களுக்கென்று எழுதிய இரண்டாவது எபிசோடில்தான் அந்த அலுவலகம் மூச்சுவிடத் தொடங்கியது.

எழுதியதை யாரிடம் காட்டுவது?

காட்டுவதைவிட வாசிக்க வையுங்கள். நான்கைந்து நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்கக் கூடாது. பென்சிலோடு ஓரமாக உட்கார்ந்து, சிரித்த இடம், மூச்சு வாங்கிய இடம், யாராவது போனைப் பார்த்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். முடிந்ததும் "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். "ரெண்டாவது வாரம் என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினால் உங்கள் செக்கு சுற்றுகிறது.

என் பைலட்டை நிராகரித்துவிட்டார்கள். கரு மோசமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கார்ல் ரெய்னர் எழுதியதைச் சொன்னேன் அல்லவா, அதில் அவரே நாயகனாக நடித்தார். அந்த பைலட் எடுபடவில்லை. ஆனால் அதற்குள் 13 எபிசோடுகளின் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். நடிகர்களை மாற்றி மறுபடி எடுத்தார்கள், 1961இல் அதுதான் 'தி டிக் வான் டைக் ஷோ' ஆயிற்று. நார்மன் லியரின் 'ஆல் இன் தி ஃபேமிலி'க்கு இரண்டு பைலட் எடுத்தும் ஏபிசி சேனல் மறுத்தது. 1971இல் சிபிஎஸ் என்ற வேறு சேனல் ஒளிபரப்பியது. 1989இல் வந்த 'சைன்ஃபெல்ட்' பைலட்டில், பின்னால் முக்கியமான நால்வரில் ஒருத்தியான இலேன் பாத்திரமே கிடையாது. 'தி பிக் பேங் தியரி'யின் 2006 பைலட் ஒளிபரப்பாகவே இல்லை, பாத்திரங்களை மாற்றி மறுபடி எடுத்ததுதான் 2007இல் வந்தது. இவற்றில் எதிலும் மையக் கருவைக் கைவிடவில்லை. யார் யாரோடு உரசுகிறார்கள் என்பதைத்தான் சரி செய்தார்கள்.

யாராவது திருடிவிட்டால்?

கருவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்கு உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே கருவை மட்டும் வாயால் சொல்லித் திரியாமல் முழுப் பிரதியாக எழுதிப் பதிவு செய்யுங்கள். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம், மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இரண்டிலும் உறுப்பினர்கள் கதையைப் பதியலாம். அமெரிக்காவில் ரைட்டர்ஸ் கில்டு என்ற எழுத்தாளர் சங்கத்தின் பதிவும், அரசின் காப்புரிமை அலுவலகமும் இருக்கின்றன. அனுப்பிய தேதி, யாருக்கு அனுப்பினீர்கள் என்ற மின்னஞ்சல் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பா? தமிழ்க் குடும்பத்தைப் பற்றி எழுதினால் வெளியே புரியுமா?

புரியும். மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கி 2020 ஏப்ரல் 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் நாயகி தேவி விஸ்வகுமார் ஒரு தமிழ் அமெரிக்கப் பெண். நடித்தவர் கனடாத் தமிழரான மைத்ரேயி ராமகிருஷ்ணன். தந்தையை இழந்த துயரத்தில் கொஞ்ச நாள் கால்கள் செயலிழந்து போன பெண், பள்ளியில் பெயர் வாங்கத் துடிக்கிறாள். சாமி படங்கள் முன்னால் அவள் வைக்கும் வேண்டுதலோடு தொடர் தொடங்குகிறது. அது எந்த ஊர்க்காரருக்கும் புரிந்தது.

பாத்திரங்கள் எந்த மொழியில் சண்டை போடுவார்களோ அந்த மொழியில் எழுதுங்கள். என் பத்திரக் கடையை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். 'வில்லங்கம்' என்ற சொல்லில் சிக்கல், தொந்தரவு, சொத்தின் மேல் இருக்கும் பாக்கி என்று இத்தனையும் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதற்கு ஈடான சொல் அகப்படவில்லை. தமிழிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது ஐந்தாவது பிரதி ஓடுகிறது. கிணறு அண்ணனுக்கா தம்பிக்கா என்பதை இரண்டு பேருக்கும் பொது என்று முடித்திருந்தேன். பாகப்பிரிவினையில் வழக்கமாக அப்படித்தான் எழுதுவார்கள். போன வாரம் வாசித்தபோது டைப்பிஸ்ட் அக்காவாக வாசித்த தோழி, பொதுக் கிணறு என்றால் மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேட்டார். இரண்டாவது எபிசோடை அங்கிருந்து தொடங்கியிருக்கிறேன்.